சாரல் காலத்தில் ஈரத் தலை: ஹூட் ட்ரையர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



ஆனி, ஆடி பிறந்துவிட்டால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். தென்காசியிலும் செங்கோட்டையிலும் மேலகரத்திலும் குடியிருக்கும் நமக்கோ அந்த இரண்டு மூன்று மாதங்களும் ஒரு சிறு தொல்லையும் சேர்ந்தே வரும். கொடியில் போட்ட துணி காயாது, தலையும் காயாது. காலையில் தலைக்குக் குளித்த மகள், கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஈர முடியைப் பின்னி, அதன்மேல் ஹிஜாபைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறாள். மாலையில் வந்து அவிழ்க்கும்போது பின்னலின் உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. அரிப்பு, பொடுகு, ஒரு மாதிரி நாற்றம். இது பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான்.

அழகு நிலையங்களில் தலைக்கு மேல் குடை போலக் கவிழ்ந்திருக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஹூட் ட்ரையர். வீட்டு உபயோகத்துக்கு என்றே அதில் சிறிய வகைகள் இப்போது கிடைக்கின்றன. போன சாரல் காலத்தில் நம் அறக்கட்டளைக்கு வந்த சகோதரிகள் பலர் இதைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள ஒரு தாய், தவணையில் ஒரு பெரிய இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டார். கணவரை இழந்த ஒரு சகோதரி, வீட்டிலேயே பெண்களுக்கு அலங்காரத் தொழில் செய்ய அதே இயந்திரத்துக்கு உதவி கேட்டு மனு கொடுத்தார். இருவர் கேட்டதும் ஒரே பொருள்தான், ஆனால் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. எந்தக் கம்பெனி நல்லது என்பதை விட யாருடைய முடிக்கு, எவ்வளவு நீளம், வீட்டில் எந்தப் பிளக் என்ற மூன்று கேள்விகளே முக்கியம் என்பதை அப்போதுதான் நாங்களும் புரிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஈரத்தை மூடி வைத்தால் என்ன ஆகும்?

நனைந்த முடி நீரை உறிஞ்சி ஊதிப்போகும். அந்த நிலையில் அது காய்ந்த முடியை விட எளிதாக இழுபடும், அறுபடும். ஈரத் தலையை அவசரமாகச் சீவும்போது சீப்பில் கொத்தாக முடி வருவதற்கு இது ஒரு காரணம். எல்லோருடைய தலைத் தோலிலும் இயல்பாகவே ஒருவகை நுண்பூஞ்சை இருக்கிறது. ஈரமும் உடல் சூடும் சேர்ந்து பல மணி நேரம் மூடிக் கிடந்தால் அது பெருக வசதியாகிவிடும். பொடுகும் அரிப்பும் கூடுவது அதனால்தான். முக்காடு போடுவதால் முடி கெடுவதில்லை. ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதால்தான் கெடுகிறது.

சாரல் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் தலை காயாமல் இருப்பதற்குக் காரணம் காற்றுதான். அந்த நாட்களில் காற்றே ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கிறது. விசிறி அதே ஈரக் காற்றைத்தான் சுழற்றுகிறது. காற்றைச் சற்றுச் சூடாக்கினால் அது மேலும் நீரை வாங்கிக்கொள்ளும். ட்ரையர் செய்வது இவ்வளவுதான்.

சூடு பட்டால் முடி கெட்டுவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு கொரியாவில் தோல் மருத்துவ ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சூடு அதிகமாக அதிகமாக முடியின் மேற்பரப்பு சேதமானது உண்மை. ஆனால் முடியின் உட்புறப் படலத்தில் சேதம் தெரிந்தது, தானாக நெடுநேரம் காயவிட்ட முடியில்தான். ட்ரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காயவைப்பது, தானாகக் காயவிடுவதை விடக் குறைந்த சேதமே தருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே மிதமான சூட்டுக்குப் பயப்பட வேண்டாம். கொதிக்கும் சூடுதான் ஆகாது.

மார்க்கத்தின் பார்வையில்

முடி வைத்திருப்பவர் அதைப் பேணிக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தும் நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. எனவே தலைமுடியைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் வைத்துக்கொள்வதற்குச் செலவிடுவது வீண் அல்ல. தேவைக்கு மேல் வாங்குவதுதான் வீண் விரயம். இன்னொன்று: தொழுகைக்குத் தலை காய்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தலையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்து சுபுஹைத் தவறவிட்டுவிடாதீர்கள். ஈரத் தலையோடு தொழுதுவிட்டு, பிறகு நிதானமாகக் காயவையுங்கள்.

பெரியவர்களின் முறையும் ஓர் எச்சரிக்கையும்

நம் உம்மாமார் காலத்தில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே தணலில் சாம்பிராணி போட்டு, அதன்மேல் கூந்தலை விரித்துக் காயவைத்தார்கள். சூடான காற்றை ஒரு மூடிக்குள் அடக்கி முடியில் படவிடுவது என்ற அளவில் ஹூட் ட்ரையரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சாரலுக்காகச் சன்னல் கதவு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, உள்ளே கரித்தணல் வைப்பது ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். முக்கியமாகப் பிள்ளை பெற்றவளும் பச்சிளங்குழந்தையும் இருக்கும் அறையில், சாம்பிராணி என்றாலும் கதவை அடைத்துக்கொண்டு தணல் வைக்கவே கூடாது. திறந்த தாழ்வாரத்தில், சிறிது நேரம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது போடுங்கள்.

மூன்று வகைகள்

ஹூட் ட்ரையரில் ஒரு சூடேற்றும் கம்பிச் சுருளும் ஒரு விசிறியும் இருக்கும். சூடான காற்று மூடிக்குள் வந்து தலையைச் சுற்றிலும் மெதுவாகப் பரவும். கை ட்ரையர் போல முடியைப் பறக்கவிடாது. கையும் வலிக்காது. அது ஓடும்போது நீங்கள் ஓதலாம், கீரை ஆயலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். வீட்டுக்கு வாங்கக்கூடியவை மூன்று.

முதலாவது, துணித் தொப்பி. தலையில் போட்டுக்கொள்ளும் ஒரு தொப்பியும் அதோடு ஒரு குழாயும் இருக்கும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கை ட்ரையரின் வாயில் குழாயை மாட்ட வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். இதில் ஒரு கவனம் வேண்டும். குழாய் மாட்டினால் காற்று வெளியேறும் வேகம் குறையும். கை ட்ரையர் சீக்கிரம் சூடாகும். ஆகவே குறைந்த சூட்டில் மட்டுமே ஓட்ட வேண்டும். ட்ரையரின் பின்பக்கக் காற்றுத் துளைகளைப் போர்வையோ தலையணையோ மூடக் கூடாது. உங்கள் ட்ரையரின் கையேட்டில் இப்படிக் குழாய் மாட்டக் கூடாது என்று போட்டிருந்தால் மாட்டாதீர்கள்.

இரண்டாவது, மேசைமேல் வைப்பது. கெட்டியான மூடி, மடக்கும் கை, தனி மோட்டார் எல்லாம் சேர்ந்திருக்கும். மேசையும் அதற்கேற்ற நாற்காலியும் உள்ள வீட்டுக்குச் சரி. தரையில் உட்கார்ந்தே பழகிய வீட்டில் கொஞ்ச நாளில் பரணுக்குப் போய்விடும்.

மூன்றாவது, சக்கரம் வைத்த ஸ்டாண்டு. அழகு நிலையங்களில் இருப்பது இதுதான். உயரத்தை மாற்றலாம், நேரம் வைக்கலாம், சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். விலை சில ஆயிரம் ரூபாய். அறையில் ஒரு ஆள் நிற்கும் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

நீள முடிக்கு ஏற்றதா?

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இது. ஹூட் ட்ரையர், ரோலரில் சுற்றி வைத்த முடியைக் காயவைப்பதற்கு ஏற்ற அமைப்பு. மூடிக்குள் இருக்கும் முடிதான் காயும். இடுப்பு வரை தொங்கும் கூந்தலின் பாதி மூடிக்கு வெளியே இருந்தால் அந்தப் பாதி ஈரமாகவே இருக்கும். மொத்தத்தையும் இறுக்கிக் கொண்டையாகப் போட்டு உள்ளே திணித்தால் வெளிச்சுற்று காயும், நடுவில் ஈரம் நிற்கும்.

எனவே தோள் வரை முடி உள்ளவர்களுக்கு ஹூட் ட்ரையர் நன்றாக உதவும். சுருட்டை முடி கலையாமல் காய வேண்டும் என்பவர்களுக்கும், கை வலி, மூட்டு வலி காரணமாகக் கை ட்ரையரைத் தூக்கிப் பிடிக்க முடியாத பெரியவர்களுக்கும் அப்படியே. நீளக் கூந்தல் உள்ளவர்கள் முடியை நான்கைந்து பாகமாகப் பிரித்து, பெரிய ரோலரில் தளர்வாகச் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லை என்றால் ஒரு சாதாரண கை ட்ரையரே போதும். அடிமுடியையும் தலைத் தோலையும் அதில் காயவைத்துவிட்டு, நுனியை விசிறிக் காற்றில் விட்டுவிடலாம். மூடப்படும்போது தொல்லை தருவது தலைத் தோலின் ஈரம்தான்.

எதை வாங்கினாலும், முதல் வேலை நல்ல பருத்தித் துண்டுக்கு உரியது. முடியைத் தேய்க்காமல், துண்டைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் இயந்திரம் ஓட வேண்டிய நேரம் கணிசமாகக் குறையும்.

மின்சாரமும் பாதுகாப்பும்

நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் போன ஆண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிப் புகை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1500 வாட் ட்ரையரும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஒரே பாக்ஸில் சேர்ந்து ஓடியிருக்கின்றன. கணக்கைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2500 வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர். அந்தப் பாக்ஸோ 6 ஆம்பியருக்கு உரியது.

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சிறிய பிளக் 6 ஆம்பியர். அது தாங்குவது 1380 வாட் வரைதான். அதற்கு மேல் உள்ள எந்த ட்ரையருக்கும் பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். 1380-க்குக் குறைவானதாக இருந்தாலும் நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். இன்வெர்ட்டர் இணைப்பில் போட வேண்டாம்.

குளியலறையிலோ ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றோ இயக்கக் கூடாது. சாரல் காலத்தில் நம் சுவர்களே ஓதம் அடிக்கும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பது அந்தக் கருவிதான். ட்ரையருக்குச் செலவிடும் முன் செய்ய வேண்டிய செலவு இது.

கரண்ட் பில் எவ்வளவு வரும்? 800 வாட் ஹூட் ட்ரையர் 45 நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். 1200 வாட் கை ட்ரையர் 15 நிமிடம் ஓடினால் 0.3 யூனிட். 75 வாட் மின்விசிறி இரண்டு மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட். மூன்று பெண்கள் வாரம் இருமுறை ஹூட் ட்ரையரைப் பயன்படுத்தினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 30 யூனிட் கூடும். உங்கள் வீட்டு உபயோகம் ஒரு படியின் விளிம்பில் இருந்தால் இந்த 30 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரம்

நம் குடும்பங்களில் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது வாங்கி வருவார்கள். வாங்கும் முன் பெட்டியில் உள்ள வோல்ட் அளவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் இங்கே ஓடும். அமீரகம், கத்தார், மலேசியாவில் மூன்று சதுரக் கம்பி உள்ள பிளக் வரும். ஆடிக்கொண்டிருக்கும் மலிவான அடாப்டரில் மாட்டாமல், எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம்மூர்ப் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ட். சவூதியின் பழைய இணைப்புகளில் 127 வோல்ட் உண்டு; அங்கே வாங்கும் பொருளில் கூடுதல் கவனம் வேண்டும். 120 வோல்ட் ட்ரையரை நம் 230 வோல்ட்டில் மாட்டினால் அது மூன்றரை மடங்குக்கும் மேல் சூடேறும். ஒரு சகோதரிக்கு அண்ணன் ஆசையாக அனுப்பிய இயந்திரம் மாட்டிய மாத்திரத்தில் கருகிப்போனது. அது தலையில் இல்லாதபோது நடந்ததே அல்லாஹ்வின் கிருபை.

கடையில் பார்க்க வேண்டியவை

ஐஎஸ்ஐ குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறியோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் என்ற கைபேசிச் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். சூடு அளவு மீறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு சூட்டு நிலைகளும் ஒரு குளிர்காற்று நிலையும் இருக்கட்டும்.

கடையிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கருகல் வாடை வரக் கூடாது. கம்பியும் பிளக்கும் சுடக் கூடாது. நீங்கள் உட்காரும் நாற்காலியின் உயரத்துக்கு மூடி இறங்குகிறதா, ரோலரோடு தலை உள்ளே போகிறதா என்று பாருங்கள். சத்தத்தையும் கவனியுங்கள். அது ஓடும்போது தொட்டில் குழந்தை அழுவது கேட்காது என்றால் தனியாக இருக்கும் தாய்க்கு அது உதவாது. பழுதானால் தென்காசியிலேயே பார்த்துத் தருவார்களா, திருநெல்வேலிக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லும் கடை முத்திரையிட்ட உத்தரவாத அட்டையும் வாங்காமல் வராதீர்கள். பொருளில் குறை இருந்து கடைக்காரர் கவனிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

பயன்படுத்தும் முறை

எண்ணெய் தேய்த்த தலையோடு உட்கார வேண்டாம். இரும்பு ஊசி, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சூடேறித் தோலைச் சுடும். காது கேட்கும் கருவி போட்டிருந்தால் கழற்றி வையுங்கள். மிதமான சூட்டில் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைத் தோலைத் தொட்டுப் பாருங்கள். ஹூட் ட்ரையர் அசையாமல் ஒரே இடத்தில் சூடு தருவது. எனவே கை ட்ரையரை விடக் குறைந்த சூடே போதும். கடைசி ஐந்து நிமிடம் குளிர்காற்று விடுங்கள். நன்றாக ஆறிய பிறகே ஹிஜாப் போடுங்கள். அதன் கீழ் தூங்கிவிடக் கூடாது. சிறு குழந்தைகளை உட்காரவைக்க வேண்டாம். மயக்கம் வரும் தன்மை உள்ளவர்களும் தலைத் தோலில் புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

தொழிலுக்கு வாங்குகிறவர்களுக்கு

மனு கொடுத்த அந்தச் சகோதரியிடம், ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னோம்: யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார்கள். மாதம் முடிந்து பார்த்தபோது, வந்தவர்கள் பெரும்பாலும் கேட்டது மருதாணியும் கல்யாணத் தலை அலங்காரமும். ஹூட் ட்ரையர் தேவைப்படும் ரோலர் செட்டிங், ஹேர் ஸ்பா ஆகியவற்றைக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவரே நோட்டை மூடிவிட்டு, "இப்போதைக்கு இது வேண்டாம்" என்றார். அந்த உதவித் தொகையில் ஒரு நல்ல கை ட்ரையர், உயரம் மாற்றும் நாற்காலி, பவர் பிளக்கும் ஆர்சிசிபியும் பொருத்தும் செலவு எல்லாம் முடிந்தன. வாடிக்கை பெருகினால் ஸ்டாண்டு ட்ரையருக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் நோட்டில் வாரத்துக்குப் பலர் ஹேர் ஸ்பாவோ ரோலரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் ஸ்டாண்டு வாங்குங்கள், அது உழைக்கும். ஒருவருக்குப் பயன்படுத்திய சீப்பையும் துண்டையும் கழுவாமல் இன்னொருவருக்கு எடுக்காதீர்கள். மூடியின் உட்புறத்தை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடையுங்கள். பேனும் படர்தாமரையும் இப்படித்தான் பரவும். வீட்டு இணைப்பில் தொழில் செய்வதற்கான விதியை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டுமுடி வைப்பது, புருவம் திருத்துவது போன்றவற்றில் மார்க்கச் சட்டம் என்ன என்பதை ஆலிமாக்களிடம் கேட்டுவிட்டுத் தொழிலின் எல்லையை அமைத்துக்கொள்ளுங்கள்.

வட்டித் தவணையில் வாங்க வேண்டாம். வட்டி இல்லை என்று சொல்லும் தவணைத் திட்டத்திலும், ஒரு மாதம் தாமதமானால் என்ன கூடும் என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். மூன்று பெண் பிள்ளைகளின் தாய்க்கும் இதையே சொன்னோம். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கை ட்ரையர் இருந்தது. ஒரு துணித் தொப்பி வாங்கிக்கொண்டார். முதல் நாள் இரவே தலைக்குக் குளித்து, காயவைத்துப் பின்னிவிட்டுப் படுக்கும்படி பிள்ளைகளைப் பழக்கினார். காலை நேர அவசரம் போனது. தவணைக் கடனும் வரவில்லை.

சாரல் அல்லாஹ் நமக்குத் தந்த அருள். அதில் நனைவோம், நனைந்த தலையைக் காயவைத்துக்கொள்வோம். அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே வாங்குவோம். வாங்குவதற்கு முன் சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக் கரண்ட் பில்லோடு நம் அறக்கட்டளையின் பெண்கள் பிரிவுக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.